திருகைக்கல்லும் மீட்டரும்: ஒரு சுரங்கக்காரர் பின்னால் ஆறு நாள்

முதல் நாள், டூரின்

மகள் டூரினில் படிக்கிறாள். இரண்டு வருஷமாக "வாங்கப்பா, வாங்கப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். இந்த வருஷம் டிக்கெட்டையே போட்டு அனுப்பிவிட்டாள். வந்து இறங்கியதும் வெனிஸ், பீசா கோபுரம், மிலான் தேவாலயம் என்று எழுதி வைத்திருந்த பட்டியலை நீட்டினாள்.

"எனக்கு ஒரு ஆளைப் பார்க்கணும்மா."

"இங்கே உங்களுக்கு யாரைத் தெரியும்?"

"செத்து நூத்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

ஒன்றும் பேசாமல் பட்டியலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அம்மா மாதிரியே.

நான் சுரங்கத்தில் சர்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிப்ளமா படிக்கும்போது தாதுக்களின் பெயர்களை மனப்பாடம் செய்வோம். அதில் 'செல்லாயிட்' என்று ஒன்று. மெக்னீசியம் ஃபுளோரைடு, நிறமில்லாத படிகம். யார் இந்தச் செல்லா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது: குவின்தினோ செல்லா, இத்தாலிக்காரர், சுரங்கப் பொறியாளர், படிகங்களை ஆராய்ந்தவர், அப்புறம் மூன்று முறை நிதி அமைச்சர். ஜெர்மன் கவிஞர் கதேயின் பெயரிலும் கோதைட் என்று ஒரு இரும்புத் தாது உண்டு. அவரும் வைமார் அரசில் சுரங்கம், கஜானா இரண்டையும் பார்த்தவர்தான். ஆனால் கதேயை யார் அமைச்சராக நினைக்கிறார்கள்? செல்லாவை இத்தாலியர்கள் அமைச்சராகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள், அதுவும் ரொம்ப அன்போடு என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் போ ஆற்றங்கரையில் இருக்கும் வலந்தீனோ மாளிகைக்குக் கூட்டிப் போனாள். அரச குடும்பம் உல்லாசமாக இருக்கக் கட்டியது. 1860-களில் பொறியாளர் பள்ளியை இங்கே கொண்டுவந்தார்கள். இன்றைக்குக் கட்டடக் கலை மாணவர்கள் கையில் சுருட்டிய வரைபடங்களோடு ஓடுகிறார்கள். செல்லா தன் கனிமச் சேகரிப்பைக் கொடுத்தது அந்தப் பள்ளிக்குத்தான்.

ஆளின் பூர்வீகம் சுருக்கமாக: 1827 ஜூலை 7-ல் பியெல்லா பக்கத்து மலைக் கிராமத்தில் பிறப்பு. கம்பளி நெய்யும் குடும்பம். டூரினில் பொறியியல் முடித்ததும் 1847-ல் அரசு அவரைப் பாரிஸ் சுரங்கப் பள்ளிக்கு அனுப்பியது. அடுத்த வருஷமே பாரிஸில் புரட்சி. தெருவில் தடுப்பரண்கள், வகுப்பில் படிகக் கோணங்கள். திரும்பி வந்து கணிதம் கற்பித்தார், சுரங்கத் துறையில் வேலை பார்த்தார். டிராவெர்செல்லா என்ற இடத்தில் செம்புத் தாதுவோடு காந்த இரும்புத் தாது கலந்து கிடந்தது. இரண்டையும் பிரிக்க மின்காந்தம் வைத்த ஓர் எந்திரத்தைச் செய்தார். 1859-ல் ஸ்லைடு ரூல் (கால்குலேட்டர் வருவதற்கு முன் கணக்குப் போட்ட நகரும் அளவுகோல்) பற்றி ஒரு புத்தகம்கூட எழுதியிருக்கிறார். ஸ்லைடு ரூலில் கணக்குப் போட்ட கடைசித் தலைமுறை நான். இதைப் படித்ததும் ஆள் என் ஜாதி என்று தோன்றிவிட்டது.

1860-ல் நாடாளுமன்ற உறுப்பினர். 1862-ல் நிதி அமைச்சர், வயது முப்பத்து நாலு.

இரண்டாம் நாள், போ ஆறு பிறக்கும் இடம்

மகளின் தோழி கார் கொடுத்தாள். கிரிஸ்ஸோலோ என்ற ஊரைத் தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து பியான் டெல் ரே வரை. உயரம் 2,020 மீட்டர். ஒரு பாறைக்கு அடியிலிருந்து தண்ணீர் வருகிறது, அதுதான் போ. நேற்று டூரினில் பார்த்த அகலமான ஆறு இங்கே ஒரு தாவலில் தாண்டலாம். தாண்டினேன். மகள் படம் எடுத்தாள்.

பார்க்க வந்தது ஆற்றை அல்ல, தலைக்கு மேலே நிற்க வேண்டிய மோன்விசோ சிகரத்தை. 3,841 மீட்டர். முழுக்க மேகம். மூன்று மணி நேரம் ஃபிளாஸ்க் காப்பியோடு உட்கார்ந்திருந்தோம், முகத்தையே காட்டவில்லை.

1863 ஆகஸ்ட் 12-ல் செல்லா இதன் உச்சியில் நின்றார். அமைச்சர் பதவி போய் எட்டு மாதம். கூடப் போனவர்கள் செயின்ட்-ராபர்ட் சகோதரர்கள் இருவர், தெற்கே கலாப்ரியாவிலிருந்து வந்த பர்ராக்கோ என்ற எம்.பி. இரண்டு வருஷம் முன்னாலேயே ஆங்கிலேயர்கள் ஏறிவிட்டார்கள். இவர்களுடையது இத்தாலியர்கள் மட்டுமே ஏறிய முதல் ஏற்றம். இறங்கிய மூன்றாம் நாள் தன் நண்பரான புவியியலாளர் கஸ்தால்திக்கு நீளமாக ஒரு கடிதம்: லண்டனில் மலையேறும் சங்கம் இருக்கிறது, நமக்கு ஏன் இருக்கக் கூடாது? அக்டோபர் 23-ல் நேற்றுப் பார்த்த அதே வலந்தீனோ மாளிகையில் கூடி இத்தாலிய ஆல்பைன் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

ராத்திரி அறைக்குத் திரும்பி மகளிடம் மேட்டர்ஹார்ன் கதையைச் சொன்னேன். 1865. செல்லா மறுபடி நிதி அமைச்சர், கஜானா காலி. அந்த நேரத்தில் மனுஷன் ரகசியமாக ஒரு மலையேற்றத்துக்குத் திட்டம் போடுகிறார். யாரும் ஏறாத மேட்டர்ஹார்ன் மீது இத்தாலியர்கள் முதலில் ஏற வேண்டும். ஏற்பாடுகளைக் கவனிக்க ஃபெலிசே ஜோர்தானோ, இவரும் சுரங்கப் பொறியாளர். வழிகாட்டி காரெல். ஜூலை 14-ல் கீழே கிராமத்தில் தொலைநோக்கியோடு காத்திருந்த ஜோர்தானோவுக்கு உச்சியில் ஆட்கள் தெரிந்தார்கள். நம்மவர்கள்தான் என்று சந்தோஷமாக அமைச்சருக்கு எழுதிவிட்டார். அது ஆங்கிலேயரான விம்பரின் கூட்டம், சுவிஸ் பக்கமாக ஏறியவர்கள். மறுநாள் இன்னொரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று. விம்பர் கூட்டத்தில் நாலு பேர் இறங்கும்போது விழுந்து செத்தார்கள். காரெல் 17-ம் தேதி இத்தாலியப் பக்கமாக ஏறி முடித்தார்.

"முதல் கடிதத்தைக் கிழிச்சுப் போடச் சொல்லியிருப்பாரு" என்றாள் மகள். கிழிக்கவில்லை, கணக்கு வைக்கிற ஆள் அல்லவா.

மூன்றாம் நாள், பியெல்லாவும் ஒரோபாவும்

டூரினிலிருந்து ரயிலில் பியெல்லா. ஊருக்குள் செர்வோ என்ற ஆறு பாய்கிறது, கரை நெடுகப் பழைய கம்பளி ஆலைகள். நெசவுக்கு நீர்ச்சக்கரம் தேவைப்பட்ட காலத்தில் ஆற்றை ஒட்டிக் கட்டியவை. செல்லா குடும்ப ஆலையும் அதில் ஒன்று. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பியெத்ரோ செல்லாதான் 1817-ஐ ஒட்டி பெல்ஜியத்திலிருந்து கம்பளி எந்திரங்களை இந்தப் பக்கம் முதலில் கொண்டுவந்தவர். குவின்தினோவின் அண்ணன் மகன் விட்டோரியோ செல்லா மலைகளைப் படம் பிடித்தே பெயர் வாங்கியவர், 1909-ல் கே-2 சிகரம் வரை புகைப்படக் கண்ணாடித் தட்டுகளைச் சுமந்துபோனவர். வங்கி நடத்துவதும் இதே குடும்பம்தான். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செல்லா.

பஸ்ஸில் மலை ஏறினால் ஒரோபா. கிட்டத்தட்ட 1,160 மீட்டர் உயரத்தில் கரிய மாதா கோயில். முற்றத்துக்குப் பின் முற்றம், யாத்திரிகர்கள் தங்க வரிசை வரிசையாக அறைகள். வேளாங்கண்ணியை மலை மேல் தூக்கி வைத்த மாதிரி, கடைகளின் சத்தம் மட்டும் இல்லை. கோயிலுக்கு அப்பால் மரங்களுக்கிடையே கல்லறைத் தோட்டம். அங்கே, சிலுவைகளுக்கும் தேவதைகளுக்கும் நடுவில், எகிப்திலிருந்து வழிதவறி வந்தது போல ஒரு பிரமிடு. செல்லாவின் சமாதி.

கொஞ்ச நேரம் நின்றேன். படிகங்களின் முகங்களையும் கோணங்களையும் அளந்தே இளமையைக் கழித்தவருக்கு இந்த வடிவம் பொருத்தம்தான். கையில் கருவி இல்லாததால் சாய்மானத்தைக் கண்ணாலேயே மதிப்பிட்டுக்கொண்டேன். தொழில் புத்தி.

மதியம் கோயிலை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் பொலெந்தா கோன்சா சாப்பிட்டோம். மக்காச்சோள மாவைக் களி மாதிரி கிண்டி, மலைப் பாலாடைக்கட்டியைப் போட்டு, மேலே உருக்கிய வெண்ணெயை ஊற்றுகிறார்கள். ஆவி பறக்கிறது, கரண்டியைத் தூக்கினால் கட்டி நூல் நூலாக இழுக்கிறது. நம் ஊர்க் களிக்கு வசதியான வீட்டில் சம்பந்தம் செய்தது போல இருந்தது. ஆனால் 1869-ல் வட இத்தாலி ஏழை சாப்பிட்டது வெறும் களி, வெண்ணெய் இல்லாதது. அதையே மூன்று வேளையும் தின்று பெலாக்ரா நோய் வந்து தோல் உரிந்து செத்தவர்கள் ஏராளம்.

அந்தக் களி மேல்தான் செல்லா வரி போட்டார்.

இந்த வரியைப் பற்றி நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இங்கே வந்ததே இதற்காகத்தான். புது இத்தாலி 1861-ல் பிறக்கும்போதே கடனோடு பிறந்தது. இணைந்த சிற்றரசுகளின் கடன், போர்ச் செலவு, ரயில் பாதைச் செலவு எல்லாம் ஒரே கஜானா தலையில். எதன் மேல் வரி போட்டால் யாரும் தப்பிக்க முடியாது? மாவு. எல்லோரும் தின்கிறார்கள், தானியத்தை அரைக்காமல் தின்ன முடியாது. 1868 ஜூலை 7-ல் சட்டம், தற்செயலாக செல்லாவின் பிறந்த நாள். 1869 ஜனவரி 1-லிருந்து வசூல். நூறு கிலோ கோதுமை அரைத்தால் 2 லீரா, மக்காச்சோளத்துக்கு 80 சென்டெசிமி (நூறு சென்டெசிமி ஒரு லீரா).

சரி, ஆயிரக்கணக்கான மில்களில் யார் என்ன அரைக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது? ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு காவல்காரனா? இங்கேதான் பொறியாளர் மூளை. திருகைக்கல்லின் தண்டில் ஒரு மீட்டர் மாட்டினார்கள். கல் சுற்றச் சுற்ற மீட்டர் எண்ணும். நூறு சுற்றுக்கு இவ்வளவு மாவு விழும் என்று மில்லுக்கு மில் ஒரு கணக்கு வைத்து, அதன்படி மில்காரர் அரசுக்குக் கட்ட வேண்டும். அவர் அரைக்க வருகிறவர்களிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். லஞ்சம் வாங்காத, தூங்காத, சொந்தக்காரன் இல்லாத காவல்காரன். காகிதத்தில் பார்த்தால் எவ்வளவு அழகு!

சுரங்கத்தில் வேலை பார்த்தவனுக்கு இதில் எங்கே இடிக்கும் என்று உடனே தெரியும். நாங்களும் ஷிப்டுக்கு எத்தனை டப் (தாது அள்ளும் தள்ளுவண்டி) வெளியே வந்தது என்று எண்ணித்தான் டன் கணக்கு எழுதுவோம். எண்ணிக்கையில் தப்பே இருக்காது. ஆனால் டப் முழுசாக நிரம்பியிருந்ததா, முக்காலா, அடியில் வெறும் கல்லா என்பது எண்ணுகிறவனுக்குத் தெரியாது. மீட்டரும் அப்படித்தான், அது எண்ணியது மாவை அல்ல, சுற்றை. தேய்ந்த கல், ஓடைத் தண்ணீர் குறைந்த கோடை, ஈரத் தானியம் எல்லாவற்றிலும் சுற்று அதிகம், மாவு குறைவு. ஆற்றங்கரைப் பெரிய மில் பிழைத்தது, மலையோரத்தில் ஒற்றைக் கல் வைத்திருந்தவன் மாட்டிக்கொண்டான்.

வருஷப் பிறப்பன்று பல ஊர்களில் மில்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். அரைக்க இடமில்லாத ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். வடக்கே எமிலியா பக்கம் ஜெனரல் கதோர்னாவை முழு அதிகாரத்தோடு அனுப்பினார்கள். கணக்கு முடிந்தபோது 257 பேர் சாவு, 1,099 பேர் காயம், 3,788 பேர் கைது.

பொலெந்தாவில் பாதியை மகள் பக்கம் தள்ளிவிட்டேன். வெண்ணெய் அதிகம் என்று சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள், விமான நிலையம்

நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் ஒரு திருத்தம். 'செல்லா வரி போட்டார்' என்பது முழு உண்மை அல்ல. 1865 டிசம்பரில் அமைச்சராக இருந்தபோது இந்த வரியை முன்மொழிந்தவர் அவர். அந்த அரசு அதே மாதம் விழுந்தது. 1868-ல் சட்டமானபோது நிதி அமைச்சர் காம்ப்ரே-தின்யி. 1869 டிசம்பரில் செல்லா மூன்றாம் முறை அமைச்சராக வந்து, நடந்த கலவரம் போதும் என்று வரியைக் கைவிடாமல், மீட்டரை மில்லுக்கு மில் மாட்டி வசூலை இறுக்கிப் பிடித்தார். ஜனங்கள் சாபம் விட்டது அவர் பெயரைச் சொல்லித்தான். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. 'எலும்பு வரை சிக்கனம்' என்பது அவர் சொன்னதிலேயே இன்றும் இத்தாலியில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் வாக்கியம்.

இன்னொரு விஷயம். சட்டம் வந்தபோது பிரதமர் மெனாப்ரேயா. அவரும் ராணுவப் பொறியாளர். சார்லஸ் பாபேஜின் கணக்கு எந்திரத்தைப் பற்றி 1842-ல் கட்டுரை எழுதினாரே, அடா லவ்லேஸ் மொழிபெயர்த்துத் தன் குறிப்புகளைச் சேர்த்தாரே, அந்த மெனாப்ரேயா. கம்ப்யூட்டர் வரலாற்றில் முதல் பக்கத்தில் இருப்பவரின் ஆட்சியில்தான் திருகைக்கல்லில் மீட்டர் ஏறியது. இதை மகளிடம் சொன்னபோது முதல் முறையாகக் காதிலிருந்து இயர்போனை எடுத்தாள். பியெல்லாவில் காய்ச்சும் மெனாப்ரேயா பீருக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டாள். அது வேறு மெனாப்ரேயா.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். சார்டீனியா தீவில் கால்யரிக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது.

ஐந்தாம் நாள், இக்லேசியாஸ்

கால்யரியிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். இக்லேசியாஸ் சின்ன ஊர், பழைய மதில், குறுகிய சந்துகள், துணி காயும் பால்கனிகள். நடுவில் செல்லா சதுக்கம், சதுக்கத்தில் செல்லா சிலை. மாலையானால் ஊரே இங்கே நடக்க வருமாம். நாங்கள் போனது காலை, நாலு கிழவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் தொப்பியைப் பார்த்து ஏதோ கேட்க, மகள் "அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்" என்று இத்தாலிய மொழியில் சொன்னாள். அவ்வளவுதான், நகர்ந்து இடம் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் பக்கத்து மோன்தேபோனி சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் காட்டிய கையில் நடு விரல் பாதிதான் இருந்தது. நானும் என் இடது முழங்காலைத் தட்டிக் காட்டினேன். அதற்கு மேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

1869-ல் சார்டீனியாவின் நிலையை ஆராய ஒரு நாடாளுமன்றக் குழு வந்தது. சுரங்கப் பகுதி செல்லாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சுரங்கம் சுரங்கமாக இறங்கிப் பார்த்து, 1871-ல் வரைபடங்களோடு அறிக்கை கொடுத்தார். காரீயம், துத்தநாகத் தாதுக்கள், உற்பத்தி, கூலி, சாலை இல்லாமை, ரயில் இல்லாமை எல்லாம் பட்டியல் பட்டியலாக. கோடையில் மலேரியாக் காய்ச்சலுக்குப் பயந்து கடல் தாண்டி இத்தாலியப் பெருநிலத்திலிருந்து வந்த தொழிலாளிகள் ஊருக்கு ஓடிவிடுவார்கள், வேலை படுத்துவிடும். தீவு மண்ணிலிருந்தே தேர்ந்த ஆட்களை உண்டாக்க வேண்டும், அதற்கு இக்லேசியாஸில் ஒரு பள்ளி வேண்டும் என்றார். 1871-லேயே பள்ளி வந்தது. நம் சுரங்கங்களில் வேலையை மேற்பார்வை பார்ப்பவரை ஓவர்மேன் என்கிறோமே, அந்த மாதிரி ஆட்களை உருவாக்கும் பள்ளி. அமைச்சர்கள் அறிக்கை எழுதுவது உண்டு, அறிக்கையிலிருந்து அதே வருஷம் பள்ளிக்கூடம் எழும்புவதை நான் என் காலத்தில் பார்த்ததில்லை.

அந்தப் பள்ளி வழி வந்த பிற்காலக் கட்டடத்தில் இப்போது சுரங்கக் கலை அருங்காட்சியகம். முன்கூட்டிச் சொல்லி வைத்துப் போனோம். கீழ்த்தளத்தில் மாணவர்கள் பழகுவதற்காகத் தாங்களே தோண்டிய கேலரிகள், அதாவது சுரங்கப் பாதைகள். உள்ளே போனதும் அந்த வாசனை: ஈரக் கல், கிரீஸ், துரு. கண்ணை மூடிக்கொண்டால் நான் எந்த நாட்டில் நிற்கிறேன் என்று சொல்ல முடியாது. மரத் தாங்கல்கள், தண்டவாளத்தில் ஒரு டப், காற்றழுத்தத்தில் ஓடும் துளைப்பான். பாறைத் துளைப்பானைத் தொட்டுப் பார்த்தேன், பிடி எங்கே தேயுமோ அங்கேயே தேய்ந்திருந்தது.

மேல்தளத்தில் தாது பிரிக்கும் பகுதி. வழிகாட்டிப் பெண் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினாள். நீளமான மேஜை, இரு பக்கமும் தலையில் துணி கட்டிய பெண்கள், கையில் சிறு சுத்தியல். தாதுவை உடைத்து, நல்லது ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம் என்று பிரிக்கும் வேலை. பாதிப் பேர் குழந்தைகள்.

"செர்னித்ரிச்சி" என்றாள் வழிகாட்டி. பிரித்தெடுப்பவள்கள்.

மகள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அப்பா, அன்னைக்கு அந்த மெஷின் பேர் என்ன சொன்னீங்க?"

டிராவெர்செல்லாவில் செல்லா செய்த மின்காந்த எந்திரத்தின் பெயர் செர்னித்ரிச்சே. இத்தாலிய மொழியில் எந்திரத்துக்கும் இந்தப் பெண்களுக்கும் ஒரே சொல். இத்தனை வருஷமாக அந்த எந்திரத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரிந்த மொழி எனக்குத் தெரியாத குறைதான்.

அந்த மேஜையில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் சுரங்கத்திலேயே குறைந்த கூலி. 1871 மே மாதம், செல்லாவின் அறிக்கை வெளியான அதே நாட்களில், வடக்கே மோன்தெவெக்கியோ சுரங்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று உடைந்து, பெண்கள் தூங்கிக்கொண்டிருந்த கொட்டகை மேல் விழுந்தது. இறந்த பதினொரு பேரும் பெண்களும் சிறுமிகளும். அறிக்கையின் பட்டியல்களில் இவர்கள் ஒரு வரிசை எண்ணாக ஏற்கெனவே இருந்திருப்பார்கள்.

மதியத்துக்கு மேல் மோன்தேபோனி. கைவிட்ட சுரங்கம், தூரத்தில் சிவப்பாக ஒரு மலை. மலை அல்ல, துத்தநாக ஆலை கொட்டிய கழிவு மண். மழைக்கு அரித்து, வரி வரியாகப் பள்ளம் விழுந்து கிடக்கிறது. 1870-களில் இங்கே தோண்டிய ஒரு ஷாஃப்டுக்கும் (செங்குத்துக் குழி) செல்லா பெயர்தான். ஆழத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க நீராவிப் பம்பு வைத்த ஷாஃப்ட் அது. மேலே கல் கட்டடம், வளைவு ஜன்னல்கள், பார்த்தால் சின்ன தேவாலயம். சுரங்கத்தில் தாதுவைவிடத் தண்ணீர்தான் பெரிய எதிரி. இறைக்கிற பம்பு நின்றால் கீழே உள்ள அத்தனையும் போச்சு. பட்ஜெட் பற்றாக்குறையை மனுஷன் இப்படித்தான் பார்த்திருக்கிறார் என்று அந்த ஜன்னல் பக்கம் நிற்கும்போது எனக்குத் தோன்றியது. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, யார் கத்தினாலும் முதலில் பம்பை ஓட்டு.

ஆனால் பம்புக்கு நிலக்கரி போட்டது யார் வீட்டு மாவு என்பதும் அதே ஜன்னல் பக்கம்தான் தோன்றியது.

சாயங்காலம் மாசுவா கடற்கரை. செங்குத்துப் பாறையின் நடுவில் போர்த்தோ ஃபிளாவியா, 1920-களில் தாதுவை நேராகக் கப்பலில் கொட்டத் துளைத்த வாசல். எதிரே கடலில் 'சர்க்கரைக் கட்டி' என்ற பெயரில் வெள்ளைப் பாறை. இந்தக் கடற்கரையில் இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் புஜ்ஜெர்ரு. 1904 செப்டம்பரில் ஓய்வு நேரத்தைக் குறைத்ததற்காக வேலை நிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளிகள் மேல் ராணுவம் சுட்ட ஊர். இத்தாலியின் முதல் பொது வேலைநிறுத்தம் அதிலிருந்துதான் கிளம்பியது. அங்கே போக நேரம் இல்லை.

ஆறாம் நாள், ரோம்

மகளுக்கு வகுப்பு இருக்கிறது, காலையிலேயே டூரினுக்குப் பறந்துவிட்டாள். ரோமில் நான் தனியாக. எனக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்கள் மொத்தம் எட்டு, அதில் மூன்று தாதுப் பெயர்.

ரோமின் பழைய மதிலில் இருக்கும் போர்த்தா பியா வாசலில் தொடங்கினேன். 1870 ஜூலையில் பிரான்சும் பிரஷ்யாவும் மோதியபோது, அரசர் பிரான்சுக்குத் துணையாகப் போக ஆசைப்பட்டார். அமைச்சரவையில் வேண்டவே வேண்டாம் என்று முட்டுக்கட்டை போட்டவர் செல்லா. பிரான்சு தோற்றதும், இனி தாமதிக்காமல், போப்பின் கையில் இருந்த ரோமைப் பிடிக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவரும் அவர்தான். செப்டம்பர் 20-ல் இந்த வாசலுக்குப் பக்கத்து மதிலைப் பீரங்கியால் உடைத்து உள்ளே நுழைந்தார்கள். தலைமை தாங்கியவர் ஜெனரல் கதோர்னா. ஒரோபாவில் பொலெந்தா சாப்பிட்டபோது சொன்னேனே, மில் கலவரத்தை அடக்கப் போனவர், அவரேதான்.

வாசலிலிருந்து ஊருக்குள் போகும் தெருவின் பெயர் செப்டம்பர் இருபது. அதில் ஐந்தாறு நிமிஷம் நடந்தால் நிதி அமைச்சகம். ரோம் தலைநகரானதும் செல்லா கட்ட ஏற்பாடு செய்து, 1872-ல் தொடங்கி 1876-ல் முடிந்தது. முகப்பை நடந்தே அளந்தேன். 412 எட்டு. என் எட்டு 73 சென்டிமீட்டர், ஆக முன்னூறு மீட்டர். எலும்பு வரை சிக்கனம் என்றவர் தன் துறைக்குக் கட்டிய வீடு. வாசல் காவலர் நான் எண்ணிக்கொண்டே போய்த் திரும்புவதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். கட்டடத்தை ஒட்டி அவர் சிலை, எத்தோரே ஃபெர்ராரி செய்தது. கம்போ தெய் ஃபியோரி சந்தையில் முக்காட்டோடு நிற்கும் தத்துவஞானி ஜோர்தானோ புரூனோ சிலையும் இதே சிற்பியின் கைவேலை.

ஆற்றைத் தாண்டிக் கொர்சீனி மாளிகைக்குப் போனேன். கலிலியோ உறுப்பினராக இருந்த அறிவியல் சங்கமான லின்சேய் அகாடமி நொடித்துக் கிடந்ததை 1874-லிருந்து தலைவராக இருந்து தூக்கி நிறுத்தியவர் செல்லா. இந்த மாளிகை அதற்கு இடமானதும் அவர் முயற்சியில்தான். ரோமில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஜெர்மன் வரலாற்றாசிரியர் மொம்சன் கேட்டாராம். அறிவியல் என்று பதில் சொன்னதாகச் செல்லாவே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறார். அதே மனிதர் ரோமில் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாகச் சேருவது நல்லதல்ல என்றும் சொன்னவர். ஆராய்ச்சியாளர்கள் வரலாம், ஆலைக்காரர்கள் வேண்டாம். சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தவர் இப்படிச் சொன்னார் என்பதை என்னால் சுலபமாக விழுங்க முடியவில்லை.

1876 மார்ச்சில் வரவும் செலவும் சரியாகிவிட்டன என்று அறிவித்தார்கள். அறிவித்தது பிரதமர் மின்கெத்தி, செல்லா அப்போது பதவியில் இல்லை. அந்த வாரமே ஆட்சி கவிழ்ந்தது. மாவு வரியைப் படிப்படியாகக் குறைத்து, 1884 ஜனவரி 1-லிருந்து ஒழித்தார்கள். மார்ச் 14-ல் செல்லா பியெல்லாவில் இறந்தார். அவர் வரியைவிட எழுபத்து மூன்று நாள் அதிகமாக வாழ்ந்தார்.

மாலை விமானத்துக்கு முன்னால் பசித்தது. அமைச்சகத்துக்குப் பின் தெருவில் ஒரு ரொட்டிக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் நீளமான தட்டை ரொட்டி, எண்ணெய் மின்ன. கைகளை விரித்து எவ்வளவு என்று காட்டினேன். கடைக்காரம்மா கத்தியை வைத்து இவ்வளவா, அவ்வளவா என்று நகர்த்தினார். வெட்டியதைத் தராசில் போட்டதும் எண் ஓடி நின்றது. காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, ரசீதும் தந்தார். நின்றபடியே தின்றேன், உப்பும் சூடும் சரியாக இருந்தது. ரசீதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ரொட்டிக்கு வரி 4 சதவீதம்.